விளையிலும் வகுப்பறையிலும் என் மாமி

என் கணவரின் தாயார் பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது எங்கள் சபையில் நடந்த ஸ்தோத்திர ஆராதனையில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். குணசாலியான பெண்ணைப் பற்றிய அந்த அதிகாரம் எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண்களுக்கான கூட்டம் எதுவானாலும் வாசிக்கப்படுவதுதான். பேசியவர்கள் எல்லோரும் மாமியின் ஜெப வாழ்க்கையையும், அவரிடம் அரிச்சுவடி படித்த பிள்ளைகள் இன்று இருக்கும் நிலையையும் மனம் நிறைந்து சொன்னார்கள். ஆனால் அதே அதிகாரத்தில் அந்தப் பெண் ஒரு வயலை விசாரித்து வாங்குவதும், தன் கைச் சம்பாத்தியத்தைக் கொண்டு திராட்சத்தோட்டம் நாட்டுவதும் எழுதியிருக்கிறதே, அதை ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. மாமி வாழ்நாள் முழுவதும் விவசாயம் செய்தவர். ஊர் அவரை டீச்சராக அறியும், சபை அவரை ஜெபிக்கிற அம்மாவாக அறியும். விவசாயி என்று அவரைக் குறிப்பிட்டுச் சொன்னவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அந்தக் குறையை என்னால் ஆன மட்டும் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைக்கும் பனச்சமூட்டுக்கும் இடையில், கேரள எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்தில் இருக்கிறது. பனச்சமூடு சந்தைக்குப் போனால் நின்ற இடத்திலிருந்து சில அடிகள் நடந்தாலே மாநிலம் மாறிவிடும். இங்கே மேட்டு நிலத்தை விளை என்றுதான் சொல்வோம். பெரும்பாலும் ரப்பர், ஓரங்களில் தென்னை, பலா, மிளகுக் கொடி, சரிவில் மரச்சீனி என்கிற மரவள்ளி, தண்ணீர் நிற்கும் தாழ்வில் வாழை என்பதே எங்கள் விளைகளின் அமைப்பு. விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. மாமியின் தாயார் பள்ளியில் கற்றது மலையாளம். மாமி கற்றதும் கற்பித்ததும் தமிழ். வீட்டின் குடும்ப ஜெபத்தில் இன்றும் ஒரு தமிழ்க் கீர்த்தனை பாடினால் அடுத்தது மலையாளப் பாட்டாக இருக்கும். அதில் யாருக்கும் எந்த வேறுபாடும் தோன்றுவதில்லை.

இந்த மண்ணில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் ஆசிரியை ஆனது தானாக நடந்த காரியம் அல்ல என்று மாமி அடிக்கடி சொல்வார். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய ஊழியர் 1806இல் மயிலாடிக்கு வந்தபின் லண்டன் மிஷன் சபைகள் ஒவ்வொன்றாக எழுந்தன, சபை எழுந்த இடத்தில் பள்ளியும் எழுந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பின்னலை விற்ற பணத்தில் பள்ளி நடந்தது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855இல். அதற்கு முன்பே ஊசியையும் நூலையும் கொண்டு அவர்கள் அதைச் சாதித்தார்கள். தோளில் சீலை இடுவதற்காக இந்தப் பகுதிப் பெண்கள் அடிபட்ட வரலாறும், அவர்கள் மார்பை மறைக்க அனுமதித்து 1859இல் வந்த அரச அறிவிப்பும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. மாமியின் பாட்டியும் லேஸ் பின்னியவர். உருளைத் தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு அவர் பின்னிய கூலியில்தான் மாமியின் தாயார் பள்ளிக்குப் போனார். ஆகவே மாமிக்குக் கல்வி என்பது முன்னோர் கையால் உழைத்துத் தந்த கடன். அதைத் திருப்பிக் கொடுக்கும் வழியாகவே அவர் ஆசிரியப் பயிற்சி முடித்துத் தொடக்கப் பள்ளி வேலையை ஏற்றார்.

திருமணமாகி வந்த வீட்டில் ரப்பர் இருந்தது, ஆனால் கூலி கொடுத்துப் பால் வெட்டும் வசதி இல்லை. மாமியும் மாமாவும் இருவருமாகவே வெட்டினார்கள். ரப்பர் பால் வெட்டைப் பார்த்தறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இருட்டு விலகும் முன்பே வெட்ட வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த வேளையில்தான் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து வரும் வெட்டுக்கோட்டில், முந்தைய வெட்டின் மேல் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் கத்தி மரத்தின் வளர் தசையைத் தொட்டுவிடும். அந்த இடத்தில் புதுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தில் மறுபடி வெட்ட வரும்போது கத்தி ஓடாது. மாமி வெட்டிய மரங்களின் புதுப்பட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் சமமாக இருக்கும். எங்கள் விளையில் எந்த மரத்தை மாமி வெட்டினார், எதைப் பின்னாளில் வந்த கூலியாள் வெட்டினார் என்பதை இன்றும் என் கணவர் இருட்டில் தடவியே சொல்லிவிடுவார்.

மாமியின் காலை நான்கு மணிக்குத் தொடங்கும். முகம் கழுவி, ஒரு சங்கீதம் வாசித்து, முழங்காலில் நின்று ஜெபித்த பிறகே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்கு இறங்குவார். வெட்டி முடித்து ஏறி வந்து, கஞ்சியும் பயறும் அடுப்பில் வைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, குளித்துச் சேலை மாற்றிப் பள்ளிக்கு நடப்பார். பால் எடுப்பதும், வடிகட்டித் தண்ணீர் கலந்து டிஷ்களில் ஊற்றி ஆசிட் விட்டு உறைய வைப்பதும் மாமாவின் வேலை. முந்தைய நாள் உறைந்ததை மாலையில் மாமி வந்து ரோலரில் கொடுப்பார். முதலில் வழவழப்பான ரோலர், பிறகு வரி போட்ட ரோலர். ஷீட்டைக் கொடியில் போட்டு நீர் வடிந்தபின் புகைப்புரைக்குள் ஏற்றுவார். நான் மருமகளாக வந்த புதிதில், ரோலரைச் சுற்றும்போது அவர் வாய் மெதுவாக அசைவதைப் பார்த்து என்னவென்று கேட்டேன். "ஒரு ஷீட்டுக்கு ஒரு பிள்ளை மக்களே. கிளாசுல உள்ள பிள்ளைகளுக்குப் பேரு சொல்லி ஜெபிக்கேன்" என்றார். வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே அவர் ஜெபித்தார். உடல்நலமில்லாத பிள்ளை, தகப்பன் குடிக்கிற வீட்டுப் பிள்ளை, இரண்டு நாளாக வராத பிள்ளை என்று ஒவ்வொருவர் குறையும் அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரும். மறுநாள் காலை வகுப்பில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகியிருக்கும். பக்தி தனி, பாடம் தனி, பண்ணை தனி என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி அவர் வாழ்ந்தார் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் விளையில் கத்தி எடுப்பதில்லை. இது கேட்க எளிதாக இருக்கும். ரப்பரை நம்பிப் பிழைக்கிற வீட்டில் எளிதான தீர்மானம் அல்ல. எங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும். பட்டை நனைந்திருக்கும் நாளில் வெட்ட முடியாது, வெட்டினால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மழைநீரோடு போய்விடும். மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பு ஒட்டும் வழக்கம் பரவுவதற்கு முன்பு, வாரம் முழுவதும் மழை அடித்து ஞாயிறு மட்டும் வெளுக்கிற நேரங்களில், அந்த ஒரு நாளையும் விட்டால் வீட்டில் காசு இருக்காது. மாமா அந்த நாட்களில் வெட்டலாம் என்று நினைத்ததுண்டு. மாமி சண்டை போடவில்லை. "மரத்துக்கும் ஓய்வு வேணும்லா. ஆறு நாளைக்கு உள்ளத கர்த்தர் தருவாரு" என்று சொல்லிவிட்டு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு சபைக்குக் கிளம்பிவிடுவார். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டி, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுக்கிற முறை ரப்பர் சாகுபடியில் அங்கீகரிக்கப்பட்ட வெட்டு முறைகளில் ஒன்று. நாள்தோறும் வெட்டப்படும் மரங்களில் பட்டை வறண்டு பால் நின்றுபோகும் நோய் அதிகம் என்பதும் விவசாயிகள் அறிந்ததே. மாமி அந்த முறையைப் புத்தகத்தில் படித்துப் பின்பற்றவில்லை, பத்துக் கட்டளையிலிருந்து எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன என்பதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

அவர் கற்பித்தது சபை நடத்துகிற, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். வீட்டில் மலையாளம் கலந்து பேசும் பிள்ளைகளும், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும், எல்லைக்கு அப்பாலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். அதிகாலையில் பெற்றோரோடு விளையில் நின்று, ஒட்டுப்பால் பறித்துக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகள் நேரத்துக்கு வர முடியாது. வேறு சில ஆசிரியர்கள் அவர்களை வெளியே நிறுத்துவார்கள். மாமி முதல் பாடவேளையைப் பாட்டுக்கும் கதைக்கும் ஒதுக்கிவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் வந்து சேர்ந்த பிறகே கணக்கைத் தொடங்குவார். பால் வெட்டுகிறவர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பிள்ளைகளின் காலை நேரம் தெரிந்திருந்தது. பயிற்சிப் பள்ளியில் யாரும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

கணக்குக்கு அவர் பயன்படுத்தியது ரப்பர் விதைகளை. ஆகஸ்டு மாதம் வெயிலில் காய்கள் படீர் படீரென்று வெடித்து, புள்ளி போட்ட வழுவழுப்பான விதைகள் விளை முழுவதும் சிதறும். ஒரு காயில் மூன்று விதைகள். மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு அவர் வெடிக்காத காய்களைக் கொண்டுபோவார். நான்கு காயை மேசையில் வைத்து எத்தனை விதை என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் சொன்ன பிறகு உடைத்து எண்ணச் சொல்வார். பத்து விதையை ஒரு சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், போட்டால் அது ஒரு பத்து. பத்துச் சிரட்டை ஒரு முறத்தில் ஏறினால் அது நூறு. பால் பிடிக்கும் பழைய சிரட்டைகளையே இதற்கு வைத்திருந்தார். ஒன்றும் பத்தும் நூறும் எந்த இடத்தில் நிற்கும் என்பது கரும்பலகையைப் பார்த்து விளங்காத பிள்ளைக்கும் அந்த முறத்தைப் பார்த்தால் விளங்கியது. இப்போது அந்தப் பிள்ளைகளில் சிலர் ரப்பர் கடை வைத்திருக்கிறார்கள். ஷீட் கொண்டுபோனால் எடையில் ஒரு கிராம் குறையாது என்று மாமா இருந்தவரை பெருமையோடு சொல்வார்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியைச் சம்பளம் வீட்டுச் செலவுக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் அது நிலத்துக்குள் போனது. ரப்பர் மரம் நட்டு வெட்டுக்கு வர ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். இருபத்தைந்து முப்பது ஆண்டு வெட்டியபின் முறித்து மறுநடவு செய்யும்போது அந்த ஏழு ஆண்டும் அந்தத் துண்டு நிலத்திலிருந்து பால் வருமானம் இல்லை. முதல் மூன்று ஆண்டு ஊடுபயிராக அன்னாசியும் ஏத்தன் வாழையும் மரச்சீனியும் போடலாம், அதற்குமேல் நிழல் விழுந்துவிடும். அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல்தான் எத்தனையோ சிறு விவசாயிகள் நிலத்தை விற்றார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆண்டுகளை மாமியின் சம்பளம் தாண்ட வைத்தது. பக்கத்தில் ஐம்பது சென்ட் விலைக்கு வந்தபோது, அதன் மண்ணைக் கிள்ளிப் பார்த்து, மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று போய் நின்று பார்த்து, தன் சேமிப்பைக் கொண்டு வாங்கச் சொன்னவர் மாமி. பத்திரம் மட்டும் மாமா பெயரில் எழுதப்பட்டது. அன்றைய வழக்கம் அப்படி.

அதன் விளைவு 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது தெரிந்தது. ஒரே நாளில் எங்கள் பகுதியில் ரப்பர் மரங்கள் இடுப்பளவில் முறிந்து கிடந்தன, குலை தள்ளிய வாழைகள் படுத்துவிட்டன. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை 2016 தொடக்கத்தில் 100 ரூபாயை ஒட்டி இறங்கி, விவசாயிகள் ஏற்கெனவே தளர்ந்திருந்த காலம் அது. நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க மாமி ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த மரம் எந்த ஆண்டு நட்டது, எத்தனை முறிந்தது, எத்தனை சாய்ந்தது என்பதையெல்லாம் தன் கணக்கு நோட்டில் பார்த்து அவர்தான் சொல்ல முடியும். ஆனால் விவசாயியை வரச் சொல்லுங்கள் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மாமா அப்போது நடக்க முடியாமல் இருந்தார். அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார வைத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பின்னால் நின்று மாமியே பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை, அன்று இரவு ஜெபத்தில் அந்த அதிகாரிக்காகவும் ஜெபித்தார். எனக்கு அவ்வளவு பொறுமை வரவில்லை, இன்றும் வரவில்லை. நிலத்தை அறிந்தவர் ஒருவர், நிலத்துக்கு உரியவராகத் தாளில் இருப்பவர் வேறொருவர் என்ற நிலை எங்கள் ஊர்ப் பெண்கள் பெரும்பாலோருக்கு இன்னும் தொடர்கிறது.

தேனீயைப் பற்றி எழுதாமல் விட்டால் மாமி வருத்தப்படுவார். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் தொடங்கிய கிராம மேம்பாட்டுப் பணியிலிருந்து பரவிய தொழில் இது. மாமியின் தகப்பனார் அந்த வழியில் கற்றவர். ரப்பர் இலை உதிர்ந்து பிப்ரவரி வாக்கில் தளிர்க்கும்போது, மூன்று இலைகளும் காம்பில் கூடுகிற இடத்தில் தேன் சுரக்கும். பூவில்லாமலே பெட்டி நிறையும். 1991, 1992 ஆண்டுகளில் புழுக்களைப் பை போல ஊதவைத்துக் கொல்லும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தபோது மாமியின் பெட்டிகளும் காலியாயின. அவர் காலிப் பெட்டிகளைச் சுத்தம் செய்து வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தார். சில ஆண்டு கழித்து ஒரு பலாமரப் பொந்திலிருந்து பிடித்த கூட்டத்தைக் கொண்டு மறுபடி தொடங்கினார். முதல் தேன் எப்போதும் சபைக்கு, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு. ஏத்தன் குலையும் தேங்காயும் சேவலும் ஏலம் போகும் அந்த நாளில் மாமியின் தேன் போத்தலுக்குப் போட்டி உண்டு. சோறு வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி தனிப் பானையில் போடுவதும், மாதக் கடைசியில் அதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சேர்ப்பதும் அவரிடமிருந்து என் கைக்கும் பழகிவிட்டது.

மாமா காலமானபின் சொத்தைப் பிரிக்கும் பேச்சு வந்தது. திருவிதாங்கூர்ப் பகுதியில் 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை ஸ்திரீதனமாக வைத்தது. சில தாலுகாக்களின் புரொட்டஸ்டண்ட் சபையாருக்கும் லத்தீன் கத்தோலிக்கருக்கும் மட்டும் வழக்கத்தை ஒட்டி விலக்கு இருந்தது. கேரளக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல், இந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் மாறியும், கல்யாணத்தின்போது நகை போட்டாயிற்று, இனி மகளுக்குப் பங்கு எதற்கு என்ற பேச்சு ஊரில் நிற்கவில்லை. உறவினர் சிலர் அதையே எங்கள் வீட்டுக்கும் வந்து சொன்னார்கள். மாமி அவர்களுக்குக் காப்பி கொடுத்து, சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு தன் பங்கைத் தன் பெயருக்கு எழுதச் சொன்னார். மீதியை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக வைத்தார். வாங்கிய அந்த ஐம்பது சென்ட் மாமியின் பங்கில் வந்தது. பத்திரம் எழுதுகிறவரிடம் அவர் கேட்டுச் சேர்த்தது ஒன்றே ஒன்று: பால் வெட்டப் போகும் நடைபாதை எல்லாப் பங்குக்கும் பொது.

ஓகியில் முறிந்த மரங்கள் நின்ற அந்தத் துண்டில் இதுவரை மரச்சீனியும் வாழையும்தான் இருந்தன. வருகிற ஜூன் மழையோடு அங்கே ரப்பர் நடுகிறோம். குழி இரண்டரை அடி நீளம், அகலம், ஆழம். குழிக்குக் குழி 16 அடி. மேல்மண்ணைத் தனியே குவித்து, குழி மூடும்போது அதையே முதலில் போட வேண்டும் என்று வேலையாட்களிடம் மாமி சொல்லியாகிவிட்டது. கயிற்றில் முடிச்சிட்டு அளவு வைத்திருக்கிறார். கன்று எடுக்கும் பண்ணைக்கு என்னையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போகிறார். நல்ல கன்றைப் பார்த்து எடுக்க நாங்கள் இருவரும் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.